பொருந்தாத சிறுநீரகமும் பயன்படும்: பரிமாற்றுத் தானம் பற்றிய ஒரு விளக்கம்

பத்திரிகை அலுவலகத்தில் நீண்ட காலம் கடமையாற்றியவர்களுக்குச் சில விளம்பரங்கள் மனப்பாடமாகிவிடும். சிறுநீரகம் வேண்டி வரும் விளம்பரம் அவற்றுள் ஒன்று. நோயாளியின் சிறிய புகைப்படம், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, குருதி வகை, வைத்தியரின் கடிதம் பற்றிய ஒரு வரி, இரண்டு தொலைபேசி இலக்கங்கள். ஊரும் பேரும் மாறுமே தவிர வாசகம் மாறுவதில்லை. அதைக் கொண்டுவரும் உறவினரிடம் இரண்டு வார்த்தை பேசினால், விளம்பரத்தில் இடம்பெறாத ஒரு செய்தி பெரும்பாலும் வெளிவரும். வீட்டில் கொடுப்பதற்கு ஆளில்லை என்பதன்று அவர்களது பிரச்சினை. மனைவி முன்வந்தார், குருதி வகை பொருந்தவில்லை. தாய் முன்வந்தார், பரிசோதனை சரிவரவில்லை. கொடுக்கும் மனமுள்ள ஒருவர் வீட்டிலேயே இருக்க, அவரிடமிருந்து பெறும் வழியறியாமல் முன்பின் அறியாத ஒருவரைத் தேடி அவர்கள் பத்திரிகைக்கு வருகிறார்கள்.

இந்த முட்டுக்கட்டைக்கு மருத்துவ உலகம் ஒரு வழியைக் கண்டு மூன்று தசாப்தங்களுக்கு மேலாகின்றது. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ அதற்குத் தேவைப்படவில்லை. ஒரே இக்கட்டில் இருக்கும் இரண்டு குடும்பங்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துவதே அந்த வழி. 'சோடிப் பரிமாற்றுத் தானம்' என்று அதைக் கூறலாம்.

இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த ஒருவருக்குப் பெரும்பாலும் எஞ்சுவன இரண்டு வழிகளே. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை வைத்தியசாலைக்குச் சென்று, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் குருதியைச் சுத்திகரித்துக்கொள்வது ஒன்று. தொழில், பயணம், வீட்டுக் கடமை ஆகிய யாவும் அந்த நாட்களைச் சுற்றியே அமைய வேண்டும். மற்றையது மாற்றுச் சிறுநீரகம். நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் நாடெங்கும் சிறுநீரகங்களைப் பழுதாக்கிக்கொண்டிருக்க, காரணம் திட்டவட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990கள் முதல் வட மத்திய மாகாண விவசாயக் கிராமங்களை வாட்டி வருகின்றது. எனவே இது நம்மவர்க்கும் அந்நியமான விடயமன்று.

உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் முதன்முதலாக வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது 1954 டிசெம்பர் 23ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில். வைத்தியர் ஜோசப் மறே நடத்திய அச்சத்திரசிகிச்சையில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். ஆகவே, பெற்றவரின் உடல் சகோதரனின் சிறுநீரகத்தை அந்நியமாகக் கருதவில்லை. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகள் வந்த பின்னர் இரட்டையராக இருக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது. கணவன் மனைவிக்கும் நண்பன் நண்பனுக்கும் கொடுக்கலாம் என்ற நிலை தோன்றியது. மறேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் இரண்டு தடைகள் எஞ்சியிருந்தன.

முதலாவது தடை குருதி வகை. 'ஓ' வகையினர் எவருக்கும் கொடுக்கலாம், ஆனால் 'ஓ' வகையினரிடமிருந்து மட்டுமே பெறலாம். 'ஏபி' வகையினர் எவரிடமிருந்தும் பெறலாம். 'ஏ' வகையினர் 'பி' வகையினருக்கோ, 'பி' வகையினர் 'ஏ' வகையினருக்கோ கொடுக்க இயலாது. இங்கு ஒரு சிறு திருத்தத்தையும் சொல்லிவைக்க வேண்டும். விளம்பரங்களில் 'ஓ பொசிட்டிவ் மாத்திரம்' என்று அழுத்தி அச்சிடுகிறார்கள். குருதி ஏற்றும்போது கவனிக்கப்படும் அந்த பொசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு சிறுநீரகப் பொருத்தத்துக்குத் தடையாவதில்லை. அந்த ஒரு சொல்லினால் எத்தனை பேர் 'நான் நெகட்டிவ் ஆயிற்றே' என்று தொலைபேசியை எடுக்காமலே விட்டிருப்பார்களோ!

இரண்டாவது தடை குருதியில் உருவாகியிருக்கும் பிறபொருளெதிரிகள். முன்னர் பிறரது குருதி ஏற்றப்பட்டவர்கள், ஏற்கனவே ஒரு மாற்றுச் சிறுநீரகம் பெற்று அது செயலிழந்தவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோரின் உடல், அந்நிய இழையங்களுக்கு எதிராக இந்த எதிரிகளை உருவாக்கி வைத்திருக்கக் கூடும். கொடுக்க வருபவரின் வெண்குழியங்களையும் நோயாளியின் குருதிப் பாயத்தையும் கலந்து பார்க்கும் பரிசோதனையில் இது தெரியவரும். எதிர்ப்பு வலுவாக இருந்தால், குருதி வகை ஒத்திருந்தாலும் பொருத்திய சிறுநீரகத்தை உடல் தாக்கி அழித்துவிடலாம். தாய்மாரின் நிலை பரிதாபமானது. கருவிலிருக்கும் குழந்தை தந்தையின் இழைய அடையாளங்களையும் தாங்கியே வளர்கின்றது. அதனால் தாயின் உடலில் கணவனின் இழையத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றிவிடுகின்றன. பின்னாளில் மனைவிக்குச் சிறுநீரகம் தேவைப்படும்போது, மனமுவந்து கொடுக்க நிற்கும் கணவனின் சிறுநீரகமே அவளுக்கு ஆகாததாகிவிடுகின்றது. அவள் பெற்ற பிள்ளைகள் கொடுக்க வந்தாலும் இதே தடை குறுக்கிடலாம்.

இத்தடைகளை மருந்தினால் வெல்லவும் முடியும். குருதிப் பாயத்தை வடித்துப் பிறபொருளெதிரிகளை அகற்றி, வலுவான மருந்துகளைச் செலுத்தி, பொருந்தாத குருதி வகைச் சிறுநீரகத்தையே பொருத்தும் முறையை ஜப்பானிய வைத்தியர்கள் 1980களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். ஆனால் அது பெருஞ்செலவு பிடிப்பது. தொற்று அபாயமும் கூடுதலானது. பரிமாற்றத்துக்கு அத்தகைய மேலதிக மருந்துச் செலவு இல்லை.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்ப்போம். அக்கரைப்பற்றில் ஓர் ஆசிரியர். குருதி வகை 'ஏ'. சிறுநீரகம் கொடுக்க முன்வரும் அவரது மனைவி 'பி'. மன்னாரில் ஒரு கடற்றொழிலாளி. குருதி வகை 'பி'. கொடுக்க முன்வரும் அவரது தம்பி 'ஏ'. இரண்டு குடும்பங்களும் வெவ்வேறு வைத்தியசாலைகளில் 'பொருந்தவில்லை' என்ற ஒரே பதிலைக் கேட்டு வீடு திரும்புகின்றன. ஆசிரியரின் மனைவி கடற்றொழிலாளிக்கும், கடற்றொழிலாளியின் தம்பி ஆசிரியருக்கும் கொடுத்தால் இருவருமே பிழைத்துக்கொள்வார்கள். கூடுதலாக ஒரு கொடையாளிகூடத் தேவைப்படவில்லை. ஏற்கனவே இருந்த இருவரே போதுமாயினர். குறைவாக இருந்தது ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியப்படுத்தும் ஏற்பாடு மாத்திரமே.

இவ்வளவு எளிய எண்ணம் எழுத்தில் வந்தது 1986இல்தான். பீலிக்ஸ் ரப்பபோர்ட் என்ற மாற்றுச் சிகிச்சை நிபுணர், கொடுக்க விரும்பியும் பொருந்தாதவர்களின் பெயர்களைத் திரட்டிச் சர்வதேசப் பதிவேடு ஒன்றை அமைக்க வேண்டும் என்று அவ்வாண்டில் முன்மொழிந்தார். செயற்படுத்திக் காட்டிய முதல் நாடு அமெரிக்காவோ ஐரோப்பிய நாடொன்றோ அல்ல, தென் கொரியா. மூளைச்சாவடைந்தோரின் உறுப்புகளைப் பெறுவதற்கு அங்கு அக்காலத்தில் சட்ட ஏற்பாடு இருக்கவில்லை. உயிருள்ளவர்களின் தானத்தையே நம்பியிருந்த சியோல் நகர வைத்தியர்கள் 1991இல் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் முதற் பரிமாற்றம் 1999இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலும், ஐக்கிய அமெரிக்காவினது 2000ஆம் ஆண்டில் றோட் ஐலண்ட் மாநிலத்திலும் நிகழ்ந்தன. நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் என்ற ஏற்பாட்டை 2004இல் நெதர்லாந்து தொடங்கியது. அங்கு சிறுநீரகம் பயணம் செய்வதில்லை. கொடையாளியே பெறுபவரின் வைத்தியசாலைக்குப் பயணம் செய்கிறார். கனடா 2009இலும் அவுஸ்திரேலியா 2010இலும் தேசியத் திட்டங்களை அமைத்தன. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பின்னர் தமது பட்டியல்களை ஒன்றிணைத்துக்கொண்டன.

பல நாடுகளில் வைத்தியர்களுக்கு முன்னால் சட்டம் குறுக்கே நின்றது. உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டங்கள் பரிமாற்றத்தைப் பற்றிச் சிந்தித்திருக்கவில்லை. அமெரிக்காவின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் 'பெறுமதியான கைம்மாறு' எதற்கும் உறுப்பைக் கொடுக்கலாகாது என்றது. உன் மனைவிக்குக் கிடைக்கும் சிறுநீரகத்துக்காக நீ உன் சிறுநீரகத்தைக் கொடுப்பது கைம்மாறு ஆகாதா என்ற ஐயம் எழுந்தது. ஆகாது என்று தெளிவுபடுத்தும் திருத்தச் சட்டம் 2007இல் நிறைவேறியது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர், மாற்று நுரையீரலுடன் வாழ்ந்து அவ்வாண்டில் காலமான காங்கிரஸ் உறுப்பினர் சார்லி நோர்வூட்டினுடையது. பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டின் மனித இழையச் சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்த பின்னரே பாதை திறந்தது. முதற் பரிமாற்றம் 2007இல் நடந்தது. ஜெர்மனியின் 1997ஆம் ஆண்டுச் சட்டமோ, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே தனிப்பட்ட நெருக்கம் இருக்க வேண்டும் என்று விதித்து நெடுங்காலம் இம்முறையைத் தடுத்து வைத்திருந்தது. இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது, நெருங்கிய உறவினர்களான பொருந்தாத சோடிகள் தமக்குள் மாற்றிக்கொள்வதற்கு வெளிப்படையான இடம் அளிக்கப்பட்டது.

சட்டம் இடங்கொடுத்த பின்னர் எழுவது கணக்கு. பத்துச் சோடிகள் மாத்திரமுள்ள பட்டியலில், இரண்டு இரண்டாக இணைத்துப் பார்க்கக்கூடிய வாய்ப்புகள் 45. நூறு சோடிகள் இருந்தால் அவை 4,950. பட்டியல் பத்து மடங்காகும்போது வாய்ப்பு நூறு மடங்குக்கும் மேலாகின்றது. ஒவ்வொரு வைத்தியசாலையும் தனது சொந்தப் பட்டியலைப் பூட்டி வைத்துக்கொண்டால் இம்முறை ஏன் வெற்றியளிக்காது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. அரிதான பிறபொருளெதிரிகளைக் கொண்ட ஒரு நோயாளிக்கு நூறில் ஒருவரே பொருந்தலாம். அந்த ஒருவர் பக்கத்து மாவட்டத்துப் பட்டியலில் இருந்தால் அவரால் யாது பயன்?

இக்கணக்கைச் செய்ய வைத்தியர்களுடன் கைகோத்தவர்கள் பொருளியலாளர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காசு கைமாறாத இடத்தில் பொருட்களை எவ்வாறு நியாயமாக மாற்றிக்கொள்வது என்பதைக் கணிதமாக ஆராய்ந்தவர் லொயிட் ஷெப்லி. வீடுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்ள விரும்பும் மனிதர்களை உதாரணமாக வைத்து, ஹேர்பேர்ட் ஸ்காபுடன் சேர்ந்து அவர் 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முப்பது வருடங்களின் பின்னர் அல்வின் ரொத், தைபுன் சொன்மெஸ், உத்கு உன்வர் ஆகிய மூவரும் வீட்டின் இடத்தில் சிறுநீரகத்தை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் முதலில் தீட்டிய திட்டத்தில் எத்தனை சோடிகளும் ஒரே வட்டத்தில் இணையலாம். காகிதத்தில் அது அழகாகவே இருந்தது. ஆனால் இரண்டு சோடிகளின் பரிமாற்றத்துக்கே ஒரே நேரத்தில் நான்கு சத்திரசிகிச்சைக் கூடங்களும் நான்கு வைத்தியக் குழுக்களும் தேவை என்று வைத்தியர்கள் சுட்டிக்காட்டினார்கள். பொருளியலாளர்கள் திரும்பிச் சென்று இரண்டு சோடிகளுக்கு மட்டுப்படுத்திக் கணக்கிட்டார்கள். பின்னர் மூன்று சோடிகள் வரை அனுமதித்தாலே பெறக்கூடிய பயனில் பெரும்பங்கைப் பெற்றுவிடலாம் என்றும் காட்டினார்கள். அவர்களது உதவியுடன் நியூ இங்கிலாந்துப் பிராந்தியத்தில் 2004இல் ஒரு பரிமாற்றத் திட்டம் அமைந்தது. ஷெப்லியும் ரொத்தும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பொருளியல் என்றால் விலைவாசியும் வட்டி வீதமும் என்று எண்ணும் எம்மைப் போன்ற கலைப்பிரிவுப் பட்டதாரிகளுக்கு இது ஒரு பாடம்.

நான்கு சத்திரசிகிச்சைகளும் ஏன் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்? சந்தேகத்தினால்தான். தானம் என்பது கடைசி நிமிடம் வரை மனம் மாறக்கூடிய உரிமையுள்ள செயல். ஒப்பந்தம் எழுதி ஒருவரை மயக்கமருந்து மேசைக்கு இழுத்துவர எந்த நாகரிக நாட்டின் நீதிமன்றமும் கட்டளையிடாது. ஆசிரியரின் மனைவி காலையில் கொடுத்துவிட, மாலையில் கடற்றொழிலாளியின் தம்பி மனம் மாறினால், ஆசிரியர் நோயாளியாகவே இருப்பார். அவருக்காகக் கொடுப்பதற்கு மனைவியிடமும் வேறொன்று இராது. இந்த அநீதிக்கு இடமளிக்காதிருக்கவே நால்வரையும் ஒரே வேளையில் மேசையில் கிடத்துகிறார்கள்.

இக்கட்டாயத்தைத் தளர்த்தியது 'சங்கிலி' என்ற உத்தி. எவருக்கென்று குறிப்பிடாமல், எந்தக் கைம்மாறும் கேட்காமல் ஒருவர் சிறுநீரகம் கொடுக்க முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது சிறுநீரகம் முதற் சோடியின் நோயாளிக்குப் போகின்றது. அந்தச் சோடியின் கொடையாளி இரண்டாவது சோடியின் நோயாளிக்குக் கொடுக்கிறார். இவ்வாறே அது நீள்கின்றது. இங்கு ஒவ்வொரு குடும்பமும் முதலில் பெற்றுக்கொண்டு பின்னரே கொடுக்கின்றது. இடையில் ஒருவர் மனம் மாறினால் சங்கிலி அறுந்துவிடும். ஆயினும் அடுத்து நிற்கும் குடும்பம் எதையும் இழப்பதில்லை. தனது கொடையாளியுடன் மீண்டும் வரிசையில் நிற்கலாம். எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவேண்டிய அவசியம் இல்லாமற் போகின்றது. ஒஹையோ மாநிலத்தின் ரொலீடோ நகரைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் மைக்கல் றீஸ் இத்தகைய சங்கிலியை 2007 ஜூலையில் தொடக்கினார். மிச்சிகனைச் சேர்ந்த 28 வயது இளைஞர் ஒருவர் தாம் அறியாத ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் கொடுத்தார். அப்பெண்ணின் கணவர் சில நாட்களில் வேறொருவருக்குக் கொடுத்தார். எட்டு மாதங்களில் பத்துப் பேர் புதிய சிறுநீரகம் பெற்றார்கள். 2011 ஓகஸ்ட் முதல் டிசெம்பர் வரை நீண்ட இன்னொரு சங்கிலி 17 வைத்தியசாலைகளையும் 11 மாநிலங்களையும் தொட்டு, 30 சிறுநீரகங்களை 30 பேரிடமிருந்து 30 பேருக்குக் கொண்டு சேர்த்தது. பெற்றுக்கொண்ட பின் வாக்குத் தவறியவர்கள் சிலர் இல்லாமலில்லை. ஆனால் அஞ்சிய அளவுக்கு அது நிகழவில்லை. அமெரிக்காவில் இப்போது ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுச் சிகிச்சைகள் பரிமாற்றத்தின் மூலம் நடைபெறுகின்றன.

நேரத்தைக் கடந்து பரிமாறிக்கொள்ளும் முறைகூட வந்துவிட்டது. கலிபோர்னியாவில் 2014இல் ஒரு பாட்டனார், பிற்காலத்தில் சிறுநீரகம் தேவைப்படவிருந்த தமது நான்கு வயதுப் பேரனுக்காக முன்கூட்டியே தமது சிறுநீரகத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். பேரனுக்குத் தேவை வரும் காலத்தில் தமக்கு வயது கடந்துவிடும் என்பது அவரது கணக்கு. பேரனுக்கு முன்னுரிமையளிக்கும் ஓர் உறுதிச் சீட்டு மாத்திரம் வழங்கப்பட்டது.

இம்முறையால் தீராத ஒரு குறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 'ஓ' வகைக் கொடையாளிக்கும் 'ஏ' வகை நோயாளிக்கும் இடையே குருதி வகைத் தடை இல்லை. எனவே அத்தகைய சோடி பெரும்பாலும் பரிமாற்றப் பட்டியலுக்கு வருவதேயில்லை. நேரடியாகவே சிகிச்சை முடிந்துவிடுகின்றது. மறுதலையாக, 'ஓ' வகை நோயாளியும் 'ஏ' வகைக் கொடையாளியும் வந்து சேர்ந்து காத்திருக்கிறார்கள். காலம் செல்லச் செல்லப் பட்டியல் முழுவதும் 'ஓ' வகை நோயாளிகளால் நிறைந்துவிடுகின்றது. கைம்மாறு கருதாத 'ஓ' வகைக் கொடையாளி ஒருவர் வந்தாலே அவ்வரிசை நகரும். தமக்குள் பொருந்தும் சோடிகளையும் சேர்ந்துகொள்ளுமாறு அழைப்பது இன்னொரு வழி. உதாரணமாக, வயது கூடிய தாயின் சிறுநீரகத்துக்குப் பதிலாக மகனுக்கு இளவயதினர் ஒருவரது சிறுநீரகம் கிடைக்குமாயின் இரு தரப்புக்கும் நன்மையே. தெற்காசியருக்கு இதிலொரு சாதகமும் இருக்கின்றது. ஐரோப்பியரைவிட எம்மிடையே 'பி' வகையினர் அதிகம். ஆகவே 'ஏ'யும் 'பி'யும் எதிரெதிராக அமையும் சோடிகள், அதாவது இலகுவில் மாற்றிக்கொள்ளக்கூடிய சோடிகள், இங்கு கூடுதலாகக் கிடைக்கும். அகமதாபாத் நகரின் சிறுநீரக நிலையம் 2013இல் உலக சிறுநீரக தினத்தையொட்டி ஒரே நாளில் பத்துப் பரிமாற்று மாற்றுச் சிகிச்சைகளை நடத்திக் காட்டியதற்கு இந்தக் குருதி வகைப் பரம்பலும் துணைநின்றிருக்கும்.

வைத்தியர்கள் குறைவாகவே பேசும் ஒரு விடயம் இருக்கின்றது. கொடுக்க மனமில்லாத ஒருவருக்கு இதுவரை காலமும் 'பொருந்தவில்லை' என்ற மருத்துவ முடிவு ஒரு கௌரவமான வெளியேற்றமாக இருந்து வந்தது. கணவன் வீட்டார் முன்னிலையில் மறுக்க முடியாத மருமகள், தமையனின் நோயைக் கண்டும் தன் குழந்தைகளை எண்ணி அஞ்சும் தம்பி ஆகியோரைக் குருதி வகை காப்பாற்றியது. பரிமாற்ற முறை அந்தக் கதவை மூடிவிடுகின்றது. 'உன்னுடையது பொருந்தாவிட்டால் என்ன, மாற்றிக்கொள்ளலாமே' என்று குடும்பம் சொல்லும். இந்தியாவில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்போரில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். எமது வீடுகள் இதற்கு விதிவிலக்கு என்று மார்தட்டிக்கொள்ள முடியுமா? ஆகவேதான் முறையான திட்டங்களில் கொடையாளியைக் குடும்பத்தினரிடமிருந்து பிரித்து, நோயாளியின் வைத்தியர் அல்லாத வேறொருவர் தனியே பேசுகிறார். கொடையாளி விரும்பாவிட்டால், 'மருத்துவக் காரணங்களால் தகுதியில்லை' என்று மாத்திரம் குடும்பத்துக்கு அறிவிக்கப்படுகின்றது. இந்தப் பாதுகாப்பு இல்லாத பரிமாற்றத் திட்டத்தை ஆதரிக்க எம்மால் இயலாது.

கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று சொல்வதும் நேர்மையன்று. 2010இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று, கொடையாளிகள் பத்தாயிரம் பேருக்கு மூவர் என்ற அளவில் சத்திரசிகிச்சையை அடுத்த மூன்று மாதங்களில் இறந்ததைக் காட்டியது. அண்மைய ஆண்டுகளில் அது பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியிருப்பதாக 2024இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. மிகச் சிறிய ஆபத்துத்தான். எனினும் அதை ஏற்பதா இல்லையா என்பதைக் கொடுப்பவர் மாத்திரமே தீர்மானிக்கலாம்.

மார்க்க நோக்கிலும் வாசகர்கள் வினவக் கூடும். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச பிக்ஹ் அக்கடமி 1988இல் ஜித்தாவில் கூடி, கொடுப்பவரின் உயிருக்கும் அடிப்படை வாழ்வுக்கும் ஊறு விளையாத விடத்து, உயிருள்ளவர் உறுப்பு வழங்குவதை நிபந்தனைகளுடன் அனுமதித்தது, விற்பதை அனுமதிக்கவில்லை. சவூதி அரேபியாவில் ரியாத் நகரின் மன்னர் பைசல் சிறப்பு வைத்தியசாலை சிறுநீரகப் பரிமாற்றத்தை நடத்தி வருகின்றது. சைவர்களுக்கோ, தம் கண்ணையே பெயர்த்தெடுத்து அப்பிய கண்ணப்பரின் கதை புதியதன்று. இறந்த பின் கண்தானம் செய்வதில் இலங்கையர் உலகப் புகழ் பெற்றிருப்பதும் இத்தகைய மனப்பாங்கினால்தான். இந்தியாவின் ஜெய்ப்பூரில் 2016இல் ஓர் இந்துக் குடும்பமும் ஒரு முஸ்லிம் குடும்பமும் பரிமாற்றம் செய்துகொண்டன. இரண்டு மனைவியரும் மற்றவரின் கணவருக்குக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அதை மத நல்லிணக்கச் செய்தியாகப் பெரிதாக வெளியிட்டன. வைத்தியர்களைப் பொறுத்தவரை அது 'ஏ'யும் 'பி'யும் பற்றிய செய்தி மட்டுமே.

பரிமாற்றம் விற்பனைக்கு வாசல் திறந்துவிடுமோ என்ற அச்சம் இலங்கையில் எழுவது நியாயம். கொழும்பில் வெளிநாட்டவருக்குச் சட்டவிரோதமாகச் சிறுநீரகம் பொருத்தப்படுவதாக இந்தியப் பொலிஸார் குற்றஞ்சாட்டியதையடுத்து, 2016 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளிநாட்டவருக்கான அத்தகைய சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. வறுமைப்பட்டவரின் உடலை வசதிபடைத்தவர் விலைக்கு வாங்குவதை 2008ஆம் ஆண்டின் இஸ்தான்புல் பிரகடனமும் கண்டித்தது. ஆனால் சிந்தித்துப் பார்த்தால், தரகருக்கு வேலை கிடைப்பது எங்கே? 'பொருந்தவில்லை' என்று கைவிடப்பட்ட குடும்பம் அந்நியரைத் தேடிப் பத்திரிகையில் தொலைபேசி இலக்கத்தைப் போடும்போதே. அந்த விளம்பரத்தை நல்லவர்கள் மாத்திரமா வாசிக்கிறார்கள்? பரிமாற்றத்தில் ஒவ்வொரு கொடையாளிக்கும் தமது சொந்த நோயாளி இருக்கிறார். அவரைக் காப்பாற்றுவதே கொடையாளியின் நோக்கம். காசுக்காக வருபவர் அங்கு நுழைவது கடினம். உறவுமுறையை உறுதிப்படுத்தும் சுயாதீனமான குழுவொன்று இருந்தால் மேலும் கடினம்.

இலங்கையில் உறுப்புத் தானத்தை ஒழுங்குபடுத்துவது 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம். பரிமாற்றம் உலகெங்கும் பரவுவதற்கு முன்னர் எழுதப்பட்ட சட்டம் அது. அமெரிக்காவும் இந்தியாவும் செய்தது போல, பரிமாற்றம் அனுமதிக்கப்பட்டது என்று ஐயத்துக்கிடமின்றி ஒரு வாசகத்தைச் சேர்ப்பது சட்டவாக்கத்தில் பெரிய காரியமன்று. எமது நாட்டின் அளவுக்கு மாகாணத்துக்கொரு பட்டியல் உதவாது. யாழ்ப்பாணமும் கண்டியும் மட்டக்களப்பும் கொழும்பும் ஒரே பட்டியலில் இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கு வேலை செய்யும். பிரித்தானியாவில் மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை கணினியில் பட்டியலை ஓட்டிப் பொருத்தம் பார்க்கிறார்கள். அதற்கான மென்பொருளும் கணித முறையும் உலகறிந்தவை.

சத்திரசிகிச்சைக் கூடங்களைக் கட்டும் முன்னர் செய்யக்கூடிய வேலையொன்று இருக்கின்றது. பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு கொடையாளியின் குருதி வகையையும் இழையப் பரிசோதனை முடிவையும், அவரது சம்மதத்துடன், நாடளாவிய ஒரே பதிவேட்டில் குறித்து வைப்பதே அது. கொடுப்பவர் தொழிலுக்குத் திரும்பும் வரையிலான சில வாரங்களுக்கு அவரது கூலியை எவர் பொறுப்பேற்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கும் வள்ளத்தில் செல்லும் ஒரு தம்பிக்கும் அது சிறிய தொகையன்று.

இதற்கிடையில், 'பொருந்தவில்லை' என்ற பதிலைக் கேட்கும் குடும்பத்தினர் விளம்பரப் படிவத்தைத் தேடுவதற்கு முன்னர் வைத்தியரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். தடையாக இருப்பது குருதி வகையா, பிறபொருளெதிரியா? இதே சிகிச்சை நிலையத்தில் எங்களுக்கு எதிர்ப்புறமாக அமைந்த வேறொரு குடும்பம் இருக்கின்றதா?